ஹோதனின் வலது கை

எண்பது கிலோ மனிதரைப் படுக்கையிலிருந்து அலுங்காமல் எடுத்து நாற்காலியில் உட்கார வைக்க ஹோதனுக்குத் தெரியும். மாத்திரை விழுங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் கிழவர்களைப் பேசியே வழிக்குக் கொண்டுவரத் தெரியும். சைக்கிள் ஓட்டும்போது கைப்பிடியிலிருந்து ஒரு கையை எடுக்க மட்டும் தெரியாது. எடுத்தால் செத்துப்போவோம் என்று மனதார நம்பினாள். சிரிக்க வேண்டாம். முப்பத்தெட்டு வயதில் முதன்முதலாகச் சைக்கிளில் ஏறியவர்களுக்குத்தான் அந்தப் பயம் தெரியும்.

வேறு ஊராக இருந்தால் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மணியடித்தபடியே காலத்தை ஓட்டிவிடலாம். டென்மார்க்கில் அந்தப் பாச்சா பலிக்காது. இடது பக்கம் திரும்ப இடக்கையை நீட்ட வேண்டும், வலது பக்கம் திரும்ப வலக்கையை. நிற்கப் போகிறோம் என்றால் பிரேக் போடுவதற்கு முன்பே உள்ளங்கை தெரிய ஒரு கையை உயர்த்தியாக வேண்டும். ஆர்ஹூஸ் நகரத்தில் காலை ஏழரை மணிக்கு சைக்கிள் பாதையில் ஆட்கள் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி பறந்துகொண்டிருப்பார்கள். முன்னால் போகிறவர் கை தூக்காமல் நின்றால் பின்னால் வருகிறவர் அவர் மேல்தான் இறங்குவார். அப்படி நிற்பது பெற்ற தாயாக இருந்தாலும் அந்த ஊர்க்காரர்கள் ஒரு வசவு வைத்துவிட்டுத்தான் போவார்கள்.

ஹோதனுக்கு இந்தக் கை இப்போது உயிர்ப் பிரச்சினை ஆகிவிட்டது. சோமாலியாவிலிருந்து வந்து பதினோரு வருடம் மீன் தொழிற்சாலைக் குளிரில் நின்றவள், இரண்டு வருடம் படித்து, முதியவர்களை வீட்டிலேயே போய்ப் பார்த்துக்கொள்ளும் பணிக்குத் தேறியிருந்தாள். வேலை கொடுக்கவும் தயாராக இருந்தார்கள். ஒரே ஒரு நிபந்தனைதான். காலையில் பதினோரு வீடு, எல்லாம் சைக்கிளில். பிரிவின் தலைவி விபேகே, சைக்கிள் ஓட்டத் தெரியாத மனிதர் உலகத்தில் இருக்கிறார் என்பதையே நம்பாதவள், திங்கட்கிழமை தெருவில் ஓட்டிக் காட்டச் சொல்லியிருந்தாள். சரியாக ஓட்டினால் அந்தப் பதினோரு வீட்டு வழித்தடம் கிடைக்கும். இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிடுவார்கள், ஹோதன் மறுபடி மீனுக்குப் போக வேண்டியதுதான்.

புதன்கிழமைதோறும் மாலையில், கெல்லெரூப் குடியிருப்பின் பின்னால் இருக்கும் கார் நிறுத்துமிடத்தில் ஏழெட்டுப் பெண்கள் சைக்கிளோடு கூடுவார்கள். அவர்களைக் கூட்டிவைத்தவள் தோவே. முப்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள், குரலை இன்னும் பேருந்துக்குள் வைத்திருந்த அளவிலேயே வைத்திருந்தாள். வயது அறுபத்தெட்டு. ஆனாலும் எல்லோரும் அவளை "நீ" என்றுதான் கூப்பிட்டார்கள். பிரதமரையே நீ என்று கூப்பிடும் நாடு அது.

தோவே பாடம் எதுவும் நடத்தவில்லை. விளையாட்டுதான். ஆமைப் பந்தயம் என்று ஒன்று, கடைசியாக வந்து சேருகிறவள் வெற்றி பெற்றவள், காலைத் தரையில் ஊன்றினால் அவுட். இன்னொன்று வால் பறிப்பு. ஒவ்வொருத்தியும் இடுப்பின் பின்னால் ஒரு துணித்துண்டைச் செருகிக்கொள்ள வேண்டும். ஓட்டிக்கொண்டே ஒருத்தி வாலை ஒருத்தி பிடுங்க வேண்டும். அறுபது கிலோ, எழுபது கிலோப் பெண்கள் எல்லாம் பத்து வயதுப் பிள்ளைகள்போலக் கத்திக்கொண்டு வட்டமடிப்பார்கள். மேலே பால்கனியிலிருந்து யாராவது விசிலடிப்பார்கள். ஹோதனின் வால் முதல் நிமிடத்திலேயே போய்விடும். அவள் இதுவரை ஒரு வாலும் பிடுங்கியதில்லை. பிடுங்கக் கை வேண்டுமே.

"கையில என்ன பசை தடவிட்டு வர்றியா கண்ணு?" என்று குல்தென் அவள் வாலை ஆட்டிக் காட்டுவாள். துருக்கிக்காரி, ரொட்டிக்கடையில் வேலை, ஐம்பது வயது, வாய் இரண்டு ஊருக்குக் கேட்கும்.

"பிரேக்கு காலுல இருக்கு. கை சும்மாதானே கெடக்குது?" என்பாள் தோவே. அந்த சைக்கிள்களில் மிதியைப் பின்பக்கமாக அழுத்தினால் வண்டி நிற்கும், கைக்கு அதில் வேலையே இல்லை என்பது உண்மைதான். உண்மை தெரிந்து என்ன, விரல்கள் கேட்டால்தானே.

கடைசி விளையாட்டுக்குக் கை ரயில் என்று பெயர். எல்லோரும் வரிசையாக ஓட்டுவார்கள். முன்னால் போகிற தோவே கையைத் தூக்கினால் இரண்டாவது ஆள் தூக்க வேண்டும், அதைப் பார்த்து மூன்றாவது, அப்படியே பின்னால் போக வேண்டும். கடைசிப் பெட்டி "வந்தாச்சு!" என்று கத்தியதும் எல்லோரும் ஒன்றாக நிற்பார்கள். ஹோதன் எப்போதும் கடைசிப் பெட்டி. அவளுக்குப் பின்னால் யாரும் கிடையாது, அதனால் கை தூக்கும் அவசியமும் கிடையாது. வெறுமனே கத்தினால் போதும். ஐந்து மாதம் இந்தத் தந்திரத்திலேயே ஓட்டினாள்.

தேர்வுக்கு முந்தைய புதன்கிழமை ஏரி வரைக்கும் போவதாகத் திட்டம். குடியிருப்பு மேட்டில் இருக்கிறது, ஏரி பள்ளத்தில். ஒரே இறக்கம். ஹோதன் ஹெல்மெட்டின் பட்டியை முக்காட்டின் மேல் மாட்டிக்கொண்டு, வழக்கம்போல வரிசையின் கடைசிக்குப் போனாள்.

"ஹோதன், இன்னிக்கு நீ கடைசி இல்ல," என்றாள் தோவே.

"நான் கடைசியிலயே வரேனே. எனக்கு அதான் பிடிக்கும்."

"எனக்கும்தான் வீட்ல படுத்துக் கெடக்கப் பிடிக்கும். திங்கக்கிழமை உன்னைக் கடைசியிலயா நிப்பாட்டப் போறா அந்தப் பொம்பள? நடுவுல வா. ராவியா, நீ அவ பின்னாடி. பின்னாடி ஒருத்தி இருந்தா கை தானா வரும்."

ராவியா தலையாட்டினாள். சிரியாவிலிருந்து வந்தவள், இருபத்துநாலு வயது. சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதிகம் பேச மாட்டாள். ஆனால் சொன்னதைச் சொன்னபடி செய்வாள். முன்னால் போகிறவள் முதுகில் கண்ணை ஒட்டவைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டுவாள். அவளுக்குப் பின்னால் ஆப்கானியச் சகோதரிகள் இரண்டு பேர், வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே வருகிறவர்கள்.

இறக்கம் ஆரம்பித்ததும் காற்று காதில் இரைந்தது. ஹோதன் மிதியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் அழுத்தி வேகத்தைப் பிடித்து வைத்திருந்தாள். கை தூக்கும்படி எதுவும் வரக்கூடாது என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டாள். எதுவும் வரவில்லை. பாதை காலியாக இருந்தது. பாதி இறக்கம் போனபோது, நான் நன்றாகத்தான் ஓட்டுகிறேன் என்று முதன்முறையாக நினைத்தாள்.

அப்போதுதான் நடைபாதையிலிருந்து ஒரு குரல்.

"ஹோதன்! அடேங்கப்பா, பறக்கறியே!"

அக்ஸெல். கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த கிழவர். பயிற்சிக் காலத்தில் மூன்று மாதம் அவருக்குக் காலை ரொட்டி வெட்டிக் கொடுத்து, கால் கழுவிவிட்டவள் ஹோதன். நடக்கத் துணையாக வைத்திருக்கும் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்று, தொப்பியை எடுத்து ஆட்டினார்.

பெரியவர்கள் வணக்கம் சொன்னால் பதில் சொல்லாமல் போவது ஹோதன் வளர்ந்த வீட்டில் கிடையாது. இடது கையால் பதில் சொல்வதும் கிடையாது. மூளையைக் கேட்காமல், ஐந்து மாதப் பயத்தைக் கேட்காமல், வலது கை கைப்பிடியை விட்டுத் தானாக மேலே போயிற்று. உள்ளங்கை விரிய அவருக்குக் கையசைத்தாள். சைக்கிள் சாயவில்லை, உலகமும் சாயவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கையைக் கைப்பிடிக்குக் கொண்டுவந்த பிறகும் சிரித்துக்கொண்டே போனாள்.

பின்னால் இரும்போடு இரும்பு மோதும் சத்தம் கேட்டது. ஒரு அலறல், தொடர்ந்து இன்னொன்று. ஹோதன் கால் பிரேக்கை மிதித்து, இறங்கி, திரும்பிப் பார்ப்பதற்குள் நாற்பது மீட்டர் வந்துவிட்டிருந்தாள்.

ராவியா சொன்னபடி செய்திருந்தாள். முன்னால் கை உயர்ந்தது, உடனே தன் கையையும் உயர்த்தி, மிதியை முழு பலத்தோடு பின்னால் மிதித்து, இருந்த இடத்தில் நின்றுவிட்டாள். சண்டையில் இருந்த சகோதரிகள் கையைப் பார்ப்பதற்குள் அவள் மேல் ஏறிவிட்டார்கள். ராவியா கைப்பிடிக்கு மேல் பறந்து, நடைபாதையின் கல் விளிம்பில் வாயால் விழுந்திருந்தாள். முன்பற்கள் இரண்டு போய்விட்டன. இடது மணிக்கட்டு பார்க்கக்கூடாத கோணத்தில் தொங்கியது. வெளிறிய நீல முக்காட்டில் இரத்தம் பரவிக்கொண்டிருந்தது. அழவில்லை. ஹோதனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எத்தனையோ இரத்தத்தைத் துடைத்த ஹோதனுக்கு அன்றைக்குக் கை கால் ஓடவில்லை. தோவேதான் பல்லைத் தேடியெடுத்துக் கைக்குட்டையில் முடிந்து, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் செய்தாள். அப்புறம் ஹோதனிடம் வந்தாள்.

"நீ கை தூக்கினேன்னு ராவியா சொல்றா. எதைப் பாத்துத் தூக்கினே?"

"நாய்," என்றாள் ஹோதன். "ஒரு நாய் குறுக்க வந்துச்சு."

"நாங்க நாயைப் பாக்கலியே," என்றாள் சகோதரிகளில் மூத்தவள்.

"நீ எங்க பாத்தே, என் தலையைத்தானே கடிச்சிட்டு வந்தே," என்று இளையவள் அழுதாள்.

தோவே வேறு எதுவும் கேட்கவில்லை. "இடைவெளி விட்டு வாங்கன்னு நான் சொல்லிருக்கணும். என் தப்பு," என்றாள். முப்பது வருடம் ஒரு கீறல் விழாமல் பேருந்து ஓட்டியவள் அதைச் சொன்னபோது ஹோதனுக்கு நிலத்துக்குள் போய்விடலாம்போல் இருந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அது விபேகே வரைக்கும் போகும், கையசைத்து ஒருத்தியின் பல்லை உடைத்தவளுக்கு வழித்தடமா என்று கேட்பார்கள் என்று பயந்தாள்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ஹோதன் கைப்பேசியை எடுக்கவில்லை. சைக்கிள் கீழே கொட்டகையில் நின்றது, அவள் அந்தப் பக்கமே போகவில்லை. தேநீர்க் கோப்பையை எடுக்கக் கை உயரும்போதெல்லாம் அந்தச் சத்தம் கேட்டது. இத்தனை நாள் கையைத் தூக்கினால் தான் விழுவோம் என்று பயந்தாள். இப்போது அது பெரிய பயம் இல்லை என்று தெரிந்துவிட்டது. கையைத் தூக்கினால் பின்னால் வருகிற யாரோ விழுவார்கள். விபேகேவுக்கு எழுத ஒரு கடிதத்தை ஆரம்பித்தாள். தங்கள் நேரத்தை வீணாக்கியதற்கு மன்னிக்கவும் என்பதற்கு மேல் ஓடவில்லை.

சனிக்கிழமை காலை குல்தென் கதவை இடித்தாள். ரொட்டிக்கடைப் பையோடு நேரே உள்ளே வந்து, மேசையில் கிடந்த கடிதத்தை எடுத்துப் படித்தாள்.

"நேரத்தை வீணாக்கினதுக்கா? என் நேரத்தை அஞ்சு மாசம் வீணாக்கியிருக்கே, எனக்கு ஒரு கடுதாசி போட்டியா நீ?"

"குல்தென் அக்கா, என்னால முடியாது."

"முடியுமான்னு நானா கேட்டேன்? எந்திரி. அந்தப் பொண்ணு வாய் வீங்கிப் படுத்துக் கெடக்குது. எட்டிப் பாக்காம ஒளிஞ்சுட்டு இருக்கே. நாயைப் பாத்தவ நீ ஒருத்திதான், வந்து என்ன நாயின்னு சொல்லு."

ஹோதனுக்குப் புரிந்தது, நாய் பொய் என்று குல்தென்னுக்குத் தெரியும். போனாள். மூன்று கட்டடம் தள்ளி, நான்காவது மாடி. மாடிப்படியில் இரண்டு தடவை நின்றாள்.

ராவியா சோபாவில் உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை வெள்ளைக் கட்டு. உதடு பழுத்த கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. ஹோதன் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது என்று நின்றபடியே சொன்னாள்.

"எந்த நாயும் இல்ல ராவியா. எனக்குத் தெரிஞ்ச ஒரு கிழவர் கூப்பிட்டாரு. நான் அவருக்குக் கையசைச்சேன். அவ்ளோதான். நிறுத்தறதுக்குத் தூக்கல."

ராவியா கட்டுப் போட்ட கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். பேசியபோது பல் இல்லாத இடத்தில் காற்று போயிற்று.

"எனக்குக் கோவமா இருக்கு அக்கா. ரொம்பக் கோவமா இருக்கு."

"தெரியும்."

"உனக்குத் தெரியாது. நீ நிக்காமப் போயிட்டே, அதனால எல்லாரும் நான்தான் பயந்துபோய் பிரேக்கு போட்டுட்டேன்னு நெனைக்கறாங்க. எங்க வீட்ல கூட. நான் பயப்படல. நீ கை தூக்கினே, நான் நின்னேன். அதானே ரூலு? அந்த ரோட்டுல நான் ஒருத்திதான் சரியா செஞ்சேன்!"

"ஆமா. நீ ஒருத்திதான்."

"அசைக்கறதா நிறுத்தறதான்னு எனக்கு எப்படித் தெரியும்? பின்னாடி இருந்து பாத்தா ரெண்டும் ஒரே கை."

ஹோதனுக்குக் கண் நிறைந்துவிட்டது. "இனிமே கையே தூக்க மாட்டேன் ராவியா. சத்தியமா. சைக்கிளே வேண்டாம். வேலையும் வேண்டாம்."

"அப்ப நான் யாரைப் பாத்து ஓட்டறது?" என்று ராவியா கேட்டாள். கேட்ட வேகத்தில் உதடு மறுபடி வெடித்து இரத்தம் கசிந்தது. குல்தென் பஞ்சைத் தேடி ஓடினாள்.

அன்றைக்கு சாயந்திரம் ஹோதன் தோவேவைக் கூப்பிட்டு நாய் இல்லை என்பதைச் சொன்னாள். "நல்லது," என்றாள் தோவே. "திங்கக்கிழமை எத்தனை மணிக்கு?" பத்து மணிக்கு, அதே இறக்கத்தில் என்றாள் ஹோதன். ஏன் கேட்டாள் என்று யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை தூறலாக இருந்தது. விபேகே மழைக்கோட்டோடு, கையில் ஒரு அட்டையும் பேனாவுமாக மேட்டில் நின்றாள். கறார்ப் பேர்வழி, ஆனால் கெட்டவள் இல்லை.

"நான் கீழ சிக்னல்கிட்ட நிக்கறேன். நீ இங்கேருந்து இறங்கி வா. நடுவுல பஸ் ஸ்டாப் இருக்கு, பாத்து வா. எங்கல்லாம் கை காட்டணுமோ அங்கல்லாம் காட்டு. அவ்ளோதான், ரெண்டு நிமிஷ வேலை."

"கை காட்டாம வந்தா?"

விபேகே அவளை விநோதமாகப் பார்த்தாள். "ஏன் காட்டாம வரணும்? காட்டலன்னா வழித்தடம் கெடையாது. தினம் காலையில ஆயிரம் பேர் நடுவுல உன்னை அனுப்பணும். அவங்க பாவம் இல்லையா?"

சொல்லிவிட்டுத் தன் சைக்கிளில் ஏறி, ஒரு மிதியில் சறுக்கிக்கொண்டு கீழே போய்விட்டாள். போகும்போதே ஒரு கையால் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். அந்த ஊர்க்காரர்களுக்கு அது பெரிய விஷயமே இல்லை.

அதே இறக்கம். அக்ஸெல் நின்ற இடம் காலியாக இருந்தது. ஹோதன் ஏறி உட்கார்ந்து தரையை உதைத்தாள். கைப்பிடியின் ரப்பர் ஈரத்தில் வழுக்கியது, அதனால் இன்னும் இறுக்கினாள். ஒரே ஆறுதல், பின்னால் யாரும் இல்லை. மோசமாகப் போனால் வேலை போகும், யாருடைய பல்லும் போகாது. மீன் தொழிற்சாலையில் அவளுடைய ரப்பர் காலணிகளை இன்னும் யாருக்கும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இருபது மீட்டர்கூடப் போயிருக்க மாட்டாள். பின்னால் சந்திலிருந்து சைக்கிள் மணிகள் கேட்டன. ஒன்று இரண்டு இல்லை, ஒரு கூட்டம்.

"திரும்பிப் பாக்காதே கண்ணு! முன்னாடி பாரு!"

குல்தென்னின் குரல். ஹோதன் திரும்பிப் பார்த்தாள்.

முன்னால் மரப்பெட்டி வைத்த மூன்று சக்கர சைக்கிள், பிள்ளைகளையும் காய்கறியையும் ஏற்றிப்போவார்களே, அதுதான் முதலில் வந்தது. குல்தென் மிதித்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் பிள்ளைகளும் இல்லை, காய்கறியும் இல்லை. வெள்ளைக் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ராவியா உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்துக்கு முன்னால் ஒரு தடுப்பும் இல்லை, நேரே ஹோதனின் பின்சக்கரம்தான். அவளுக்குப் பின்னால் சகோதரிகள், அப்புறம் மற்றவர்கள், எல்லோருக்கும் கடைசியில் தோவே.

"பைத்தியக்காரிங்களா! போங்கடி! எல்லாரும் போங்கடி!" என்று ஹோதன் கத்தினாள். பயத்தில் குரல் கிறீச்சிட்டது.

"நீ ஓட்டு!" என்றாள் தோவே கடைசியிலிருந்து. "இது பொது ரோடு!"

"ராவியா, இறங்கு! உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன்!"

"நான் உன் கையைத்தான் பாத்துட்டு வரேன் அக்கா," என்றாள் ராவியா. சத்தமாகச் சொல்லவில்லை. அவ்வளவு பக்கத்தில் இருந்தாள்.

வேகத்தைக் குறைத்தால் பெட்டி வந்து இடிக்கும். ஓரம் கட்ட வழியில்லை, இடது பக்கம் பேருந்துகள் போகிற சாலை, வலது பக்கம் கல் விளிம்பு. முன்னால் போவதைத் தவிர வேறு கதியில்லை. இப்படி ஒரு வேலையை எந்த எதிரியும் செய்ய மாட்டான், சிநேகிதிகள்தான் செய்வார்கள் என்று ஹோதன் மனதுக்குள் திட்டித் தீர்த்தாள்.

சாலையில் ஒரு பேருந்து அவர்களைத் தாண்டிப் போயிற்று. தாண்டியதும் அதன் வலது விளக்கு மினுக்கியது. நிறுத்தத்தில் ஒதுங்கி நின்றது.

அந்த நிறுத்தத்தில் பேருந்தின் கதவு நேரே சைக்கிள் பாதையில்தான் திறக்கும். இறங்குகிறவர்கள் பாதையைக் கடந்தால்தான் நடைபாதை. அவர்கள் இறங்கி முடிக்கும் வரை சைக்கிள்காரர்கள் நிற்க வேண்டும், அதில் சலுகையே கிடையாது. கதவு திறந்தது. ஒரு இளம்பெண் குழந்தை வண்டியை முதலில் இறக்கினாள். சக்கரங்கள் ஈரத்தில் இறங்கி, பாதையின் நட்டநடுவில் வந்து நின்றன. அவள் இன்னும் படியில்தான் இருந்தாள், தோள்பை எதிலோ மாட்டிக்கொண்டிருந்தது.

முப்பது மீட்டர் இருக்கும். ஹோதன் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்தாள். நிற்காவிட்டால் முன்னால் அந்தக் குழந்தை. சொல்லாமல் நின்றால் பின்னால் ராவியாவின் முகம். பாரம் ஏற்றிய பெட்டி சைக்கிள் நினைத்த இடத்தில் நிற்காது, அதற்கு நேரம் வேண்டும், அந்த நேரத்தை அவள்தான் கொடுக்க வேண்டும். கத்தலாம் என்று வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை.

இருபத்தைந்து மீட்டர். கையை எடு என்றாள் தனக்குத் தானே. விரல்கள் அசையவில்லை. அன்றைக்கு அக்ஸெலுக்கு அத்தனை சுலபமாகப் போன கை, இப்போது ரப்பரோடு ரப்பராக இருந்தது. பின்னால் குல்தென் மூச்சு வாங்குவது கேட்டது. மற்ற யாரும் பேசவில்லை. மணிகூட அடிக்கவில்லை. எட்டுப் பெண்களும் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள், தங்கள் வாயையும் பல்லையும் எலும்பையும் அவள் கையில் கொடுத்துவிட்டு வருகிறார்கள் என்று நினைத்தபோது அவளுக்கு ஓங்கி அழ வேண்டும்போல் இருந்தது.

சுண்டுவிரல் முதலில் விட்டது. அடுத்து மோதிர விரல். ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுப்பதுபோல் எடுத்தாள். சைக்கிள் இடப்பக்கம் ஒரு ஆட்டம் ஆடிற்று, அவள் கண்ணை மூடவில்லை. வலது கை தோளுக்கு வந்தது, காதுக்கு வந்தது, தலைக்கு மேல் போயிற்று. உள்ளங்கையை முழுவதும் விரித்தாள். மழை அதில் விழுந்தது. அப்புறம்தான் மிதியைப் பின்னால் அழுத்தினாள், மெல்ல, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.

முன்சக்கரம் குழந்தை வண்டிக்கு இரண்டு மீட்டர் முன்னால் நின்றது. ஹோதன் ஒரு காலை ஊன்றினாள். படியில் நின்ற பெண் பையை விடுவித்துக்கொண்டு, நிமிர்ந்து பார்த்து, நன்றி என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு நடைபாதைக்குப் போனாள். அவளுக்கு இதில் ஒன்றுமே இல்லை. கீழே சிக்னல் பக்கம் விபேகே அட்டையில் ஏதோ குறித்துக்கொண்டாள். ஹோதன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அவள் முதுகை விறைத்துக்கொண்டு மோதலுக்காகக் காத்திருந்தாள். பின்னால் ஈரத்தில் ரப்பர் தேயும் சத்தம். பெட்டியின் மர விளிம்பு அவள் பின்சக்கரத்தை மெல்லத் தொட்டது, தொட்டு நின்றது. அதற்கும் பின்னால் ஒரு பிரேக் கிறீச்சிட்டது. சகோதரிகள் ஒருத்தியை ஒருத்தி பெயர் சொல்லிக் கத்தினார்கள். இன்னொரு பிரேக். ஹோதனின் கை இன்னும் தலைக்கு மேலேயே இருந்தது. தோள் வலித்தது. அதை இறக்கப் போனாள்.

"இறக்காதே அக்கா," என்றாள் ராவியா. அவளும் நல்ல கையை உயர்த்தியபடி, கழுத்தை வளைத்துப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் எல்லாரும் நிக்கல."

எல்லோரும் நின்றுவிட்டார்கள் என்று ராவியா சொல்லும் வரைக்கும் ஹோதன் கையை இறக்கவில்லை.